சி டிரைவில் இடம் தானாகக் குறைகிறது: துடைப்பதா, தேடுவதா, வாங்குவதா, கடையில் கொடுப்பதா?

"தம்பி, நேத்து ராத்திரி சி டிரைவ்ல 38 ஜிபி காலியா இருந்துச்சு. காலைல பாத்தா 21. வீட்ல யாரும் ஒண்ணும் போடல. யாராச்சும் உள்ள பூந்துட்டாங்களா?"

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் ஓர் அக்காவிடமிருந்து வந்த செய்தி. எண்களை மட்டும் மாற்றினால் உட்லண்ட்ஸிலிருந்தும் பொங்கோலிலிருந்தும் வருவதும் இதே கேள்விதான். பதில் தட்டி முடிப்பதற்குள் அடுத்ததும் வந்துவிடும்: "ஒரு டெரா ஹார்ட் டிஸ்க் வாங்கிடவா? இல்ல சிம் லிம் கடைல குடுத்து ஃபார்மட் அடிச்சிடலாமா?"

இரண்டுமே சில வீடுகளுக்குச் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் இடம் எங்கே போனது என்று பார்க்காமலேயே இரண்டையும் செய்துவிட முடியும் என்பதுதான் சிக்கல். காரணம் தெரியாமல் வாங்கிய டிஸ்க்கும் நிறையும், காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்த கணினியும் நிறையும். அதனால் இதற்கு இருக்கும் ஐந்து வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுக் கணினிக்கு நேர்வது எந்த வகை என்று பார்த்துவிடுவோம்.

## ஏறி இறங்குகிறதா, இறங்கிக்கொண்டே போகிறதா

ஒரு வாரம், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, காலி இடம் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போட்டால் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வழக்கமாக இயங்கிக்கொண்டிருக்கும். அது இருக்கும்போது ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கும்.

எண் இறங்கி, சில நாளில் தானே ஏறினால் பயப்பட வேண்டியதில்லை. விண்டோஸ் உங்களைக் கேட்காமலேயே இடத்தை எடுக்கும், திருப்பித் தரும். ரேம் போதாதபோது டிஸ்க்கில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துகிறதே, அந்த பேஜ் ஃபைல், பிரௌசரில் நாற்பது டேப் திறந்தால் பெருத்து, ரீஸ்டார்ட் ஆனதும் இளைக்கும். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் வைக்கும் சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளிகள் தங்களுக்கு ஒதுக்கிய அளவு வரை சேர்ந்து, பழையவை கழியும். அப்டேட் என்றால் முதலில் இறக்கிய மூட்டை, பிறகு அதைப் பிரித்த மூட்டை, கடைசியில் இரண்டையும் துடைப்பது என்று மூன்று கட்டமாக எண் ஆடும்.

இவற்றில் பெரியது பதிப்பு மாறும் அப்டேட்டுதான். பழைய விண்டோஸை அப்படியே 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பிப் போகலாம் என்பதற்காக. பத்து நாளில் தானே அழிந்துவிடும். அதற்குள் 10, 20 ஜிபி பிடித்துக்கொண்டிருக்கும். ஈசூன் அக்காவின் 17 ஜிபி போன இடமும் இதுதான். இரவில் அப்டேட் ஏறியிருக்கிறது. "அப்ப நான் ஒண்ணும் செய்ய வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நிரந்தரமாகக் குடியிருப்பவையும் உண்டு. கணினி உறங்கும்போது ரேமில் உள்ளதை எழுதி வைக்கும் ஹைபர்னேஷன் ஃபைல், ரேமில் ஏறக்குறைய 40 சதவீத அளவுக்கு இருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். 2019 வாக்கில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதுக் கணினிகளில் அப்டேட்டுக்கென்று சுமார் 7 ஜிபி தனியாக ஒதுக்கப்படுகிறது. பெட்டியில் 512 ஜிபி என்று அச்சிட்ட டிஸ்க்கை விண்டோஸ் 476 என்று காட்டுவதும் இந்தக் கணக்கில் சேராது: தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. யாரும் எதையும் எடுக்கவில்லை.

மேக் வைத்திருப்பவர்கள் குழம்பும் இடம் வேறு. ஆப்பிளின் பேக்கப் வசதியான டைம் மெஷினைப் போட்டிருந்தால், அது கணினிக்குள்ளேயே ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது அந்தந்த நேரத்து நிலையின் பிரதிகளை, ஒரு நாள் அளவுக்கு வைத்திருக்கும். பெரிய வீடியோவை அழித்து, குப்பையையும் காலி செய்தாலும் இடம் ஏறாது, ஏனென்றால் ஸ்னாப்ஷாட் அந்த வீடியோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் பாருங்கள். அவசரம் என்றால் டிஸ்க் யூட்டிலிட்டியில் ஸ்னாப்ஷாட் பட்டியலைக் காட்டச் சொல்லி அங்கிருந்து நீக்கலாம்.

எண் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போனால்தான் கதை வேறு. டெலிகிராம் டெஸ்க்டாப் சேர்த்து வைக்கும் தற்காலிகச் சேமிப்பு (கேஷ்), வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களின் வீடியோக்கள், தொலைபேசி பேக்கப், முழுதாக இறக்கப்படும் கிளவுட் ஃபோல்டர், நடப்பதைக் குறித்து வைக்கும், எப்போதாவது பிழையில் சிக்கிப் பெருத்துக்கொண்டே போகும் லாக் ஃபைல் என்று வழக்கமான ஆட்கள் சிலர்தான். வைரஸாக இருக்கக்கூடாதா என்றால், இருக்கலாம், ஒரு ஸ்கேன் போடுவதில் நட்டமில்லை. ஆனால் இன்று உள்ளே நுழைபவர்களுக்கு வேண்டியது உங்கள் கடவுச்சொல். டிஸ்க்கை நிரப்பி உங்களை உஷார்ப்படுத்துவதில் அவர்களுக்கு லாபமில்லை.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது இவற்றைத்தான். இந்த வழி காரணத்தைக் காட்டுகிறதா, மூடி மறைக்கிறதா? கிடைத்த இடம் எத்தனை காலம் தாங்கும்? ஃபைல் தொலையவோ, அடுத்தவர் கண்ணில் படவோ வாய்ப்பு எவ்வளவு? கையை விட்டுப் போகும் காசு எவ்வளவு, அதுவும் ஒருமுறையா, மாதாமாதமா? கடைசியாக, வீட்டில் யார் இதைச் செய்யப்போகிறார்கள்? தொடக்கக்கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடும், அறுபதைத் தாண்டிய இருவர் மட்டும் இருக்கும் வீடும் ஒரே பதிலைத் தாங்காது.

## வழி 1: விண்டோஸையே துடைக்கச் சொல்வது

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். அங்கே தற்காலிக ஃபைல்கள், அப்டேட் மிச்சங்கள், குப்பைத்தொட்டி எல்லாம் எவ்வளவு என்று வரிசையாக வரும். டிக் போட்டு நீக்கலாம். ஸ்டோரேஜ் சென்ஸைப் போட்டுவிட்டால் இடம் குறையும்போது தானே செய்யும். குப்பையில் 30 நாள் கடந்ததைத் தூக்கிவிடும்.

காசு இல்லை, ஆபத்து குறைவு, யாரும் செய்யலாம். காரணத்தைச் சொல்வதில் மட்டும் இது சுமார்: "தற்காலிக ஃபைல்கள் 9 ஜிபி" என்று சொல்லும், யார் போட்டது என்று சொல்லாது. இறங்கிக்கொண்டே போகும் வகைக்கு இது இரண்டு வாரத் தவணை வாங்குவதுதான்.

மறைந்திருக்கும் செலவு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. அந்தப் பட்டியலிலேயே 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு வரி வரும். நம்மில் பலருக்கு அது குப்பை அல்ல, அலமாரி. வருமான வரிக் கடிதம், மசேநி (மத்திய சேமநிதி) அறிக்கை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் ஒருமுறை இறக்கி, அங்கேயே கிடப்பவை. நீக்கும் பொத்தானைத் தொடுமுன் அந்த வரியில் டிக் இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ்.ஓல்ட்டை இங்கிருந்து நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் அடைபடும். புதுப் பதிப்பில் பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நீக்குவது நல்லது.

இந்த இடத்தில் 'கிளீனர்' செயலிகளைப் பற்றிக் கேட்பார்கள். விண்டோஸே செய்வதற்கு மேல் அவை பெரிதாக எதையும் மீட்டுத் தருவதில்லை. விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் இடம் வராது. 2017-ல் பேர்பெற்ற சிசிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே தீநிரல் நுழைக்கப்பட்டு லட்சக்கணக்கானோர் கணினிக்குப் போனது. இலவசம் என்பதற்காக இன்னொருவரை வீட்டுக்குள் விட வேண்டியதில்லை.

## வழி 2: வரைபடக் கருவியால் தேடுவது

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

விண்டோஸுக்கு விஸ்ட்ரீ, விண்டர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ. மேக்குக்கு கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ், காசு கொடுக்கத் தயாரென்றால் டெய்சிடிஸ்க். எல்லாம் செய்வது ஒன்றையே. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் அதன் அளவுக்கேற்ற கட்டமாகவோ வட்டத் துண்டாகவோ பட்டியலாகவோ காட்டும். பெரியது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். இந்தக் கட்டப்படத்தின் பிறப்பே நம் பிரச்சினையிலிருந்துதான்: 1990-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனின் ஆய்வுக்கூடத்தில் 14 பேர் பகிர்ந்த 80 எம்பி டிஸ்க் நிரம்பிப் போக, யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அவர் யோசித்த முறை அது. ஒரு மடிக்கணினியை அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பகிரும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

விஸ்ட்ரீ வேகமானது. விண்டோஸ் தன் ஃபைல்களுக்கு வைத்திருக்கும் பட்டியலையே நேராகப் படிப்பதால் சில வினாடியில் முடித்துவிடும். எந்தக் கருவியானாலும் 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று திறங்கள். இதை விட்டால் கருவிக்கே சில ஃபோல்டர்கள் பூட்டியிருக்கும். "சி டிரைவ்ல எல்லா ஃபோல்டரையும் கூட்டிப் பாத்தா 140 தான் வருது, ஆனா 210 நிறைஞ்சிருக்குன்னு சொல்லுது" என்ற புகாரில் பாதி இந்தப் பூட்டிய அறைகள்தான்: ரீஸ்டோர் புள்ளிகள் இருக்கும் ஃபோல்டர், மறைந்திருக்கும் பேஜ் ஃபைல், மற்ற பயனர்களின் ஃபோல்டர்கள்.

ஜூரோங்கில் ஒரு வீடு. 256 ஜிபி மடிக்கணினி, சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. விஸ்ட்ரீ திறந்ததும் படத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நிறம். வழக்கமாக வீடியோவுக்கு ஒரு நிறம், படத்துக்கு ஒரு நிறம் என்று கலந்து கிடக்கும். இங்கே எல்லாம் .jpg, .mp4 போன்ற பின்னொட்டு இல்லாத ஃபைல்கள், அதனால் ஒரே திட்டு. மேலே சுட்டியை வைத்தால் 'மொபைல்சிங்க்', அதற்குள் 'பேக்கப்', அதற்குள் நீளமான எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர், அதற்குள் 00-இலிருந்து எஃப்எஃப் வரை இரண்டெழுத்து ஃபோல்டர்கள். ஐஃபோன் பேக்கப். மகனுடைய பழைய கைப்பேசியுடையது. அந்தக் கைப்பேசியையே கடையில் கொடுத்துப் புதிது மாற்றி இரண்டு வருடமாகிவிட்டது. அம்மா தினமும் ஒரு படம் இரண்டு படம் என்று அழித்து இடம் தேடிக்கொண்டிருந்தார். ஆப்பிள் செயலிக்குள் போய் அந்த ஒரு பேக்கப்பை நீக்கியதும் வேலை முடிந்தது. ஃபோல்டரைக் கையால் அழிக்காமல் செயலி வழியாக நீக்குவதே முறை. புதுக் கைப்பேசியின் பேக்கப்பும் பக்கத்திலேயே இருக்கும், எது எதுவென்று பெயரோடு காட்டுவது செயலிதான்.

இந்த வழியின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கருவி காட்டுவது இந்த நொடியின் நிலவரம். எது வளர்கிறது என்று தெரிய வேண்டுமானால் இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட், ஒரு வாரம் கழித்து இன்னொன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டதை எல்லாம் அழிக்கும் ஆசை அதைவிட ஆபத்து. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்று பூதாகாரமாகத் தெரியும். அதிலிருக்கும் பல ஃபைல்கள் வேறு இடத்தில் இருப்பவற்றின் இன்னொரு பெயர்தான், இரண்டு முறை எண்ணப்படுவதால் பெரிதாகத் தோன்றுகிறது. கை வைத்தால் விண்டோஸ் படுத்துவிடும். அதே போல 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரை அழித்தால் பிறகு பல மென்பொருள்களை ஒழுங்காக நீக்கவோ புதுப்பிக்கவோ வராது. எளிய விதி: 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருப்பதை வழி 1 மட்டும் தொடட்டும், 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் இருப்பதை நீங்கள் தேடுங்கள்.

## வழி 3: கிளவுட்டுக்கு அனுப்புவது

இடப் பிரச்சினைக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஒன்டிரைவிலோ ஐகிளவுடிலோ ஃபைலை வைத்தால் அது கணினியை விட்டுப் போய்விடுவதில்லை. இரண்டு இடத்திலும் இருக்கும். 'இடத்தைக் காலி செய்' என்று தனியாகச் சொன்னால்தான் கணினியில் பெயர் மட்டும் மிஞ்சி, உள்ளடக்கம் மேலே போகும். பிறகு யாராவது அந்த ஃபோல்டரை 'இந்தக் கணினியிலேயே எப்போதும் வை' என்று மாற்றினால், அல்லது ஏதோ ஒரு மென்பொருள் எல்லாப் படங்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தால், அத்தனையும் இறங்கிவிடும். ஒரே இரவில் 60 ஜிபி காணாமல் போகும் மர்மங்களில் இதுவும் ஒன்று. ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் 'அளவு' என்றும் 'டிஸ்க்கில் அளவு' என்றும் இரண்டு எண் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள், குழப்பம் தீரும்.

செலவு மாதாமாதம். நிறுத்தினால் எல்லாவற்றையும் திரும்பக் கீழே இறக்க வேண்டும், அதற்கு அப்போது இடம் இருக்க வேண்டும். இலவச அளவு ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகிளில் 15 ஜிபி. கூகிளின் 15-ல் ஜிமெயிலும் சேர்த்தி. படங்களால் அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் தானாகவே ஒன்டிரைவுக்கு நகர்த்தும் அமைப்பு பல புதுக் கணினிகளில் போட்டே வருகிறது, அந்த 5 ஜிபி எப்போது நிரம்பியது என்றே தெரியாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதால் இதை பேக்கப் என்று நம்பவும் கூடாது.

பிறகு யாருக்கு நல்லது? ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 குடும்பச் சந்தா கட்டும் வீட்டுக்கு. அதில் ஆறு பேர் வரை ஆளுக்கு ஒரு டெராபைட் உண்டு, பல வீடுகளில் அது தொடப்படாமலே கிடக்கிறது. நம் ஊர் ஃபைபர் வேகத்தில், தேவைப்படும்போது இறக்கிக்கொள்வது வீட்டில் உறுத்தாது. திருச்சிக்குப் போகும் விமானத்தில் திறக்கப் பார்க்கும்போதுதான் உறுத்தும்.

## வழி 4: புதிய டிஸ்க் வாங்குவது

வெளியே செருகும் எஸ்எஸ்டி, அல்லது உள்ளே இருப்பதை மாற்றிப் பெரிதாக்குவது. இரண்டும் வேறு வேறு முடிவு.

வெளி டிஸ்க் படங்களுக்கும் வீடியோக்களுக்கும். இன்றைய கைப்பேசியில் 4கே, நொடிக்கு 60 சட்டம் என்று வைத்து எடுத்தால் ஐஃபோனின் சிக்கன வடிவத்திலேயே நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. தைப்பூசத்தன்று பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை தம்பியின் காவடிக்குப் பின்னாலேயே நடந்து ஒரு மணி நேரம் எடுத்தால் 24 ஜிபி. இதற்குக் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை, இடம் நிஜமாகவே வேண்டும். ஒரு டெராபைட் எஸ்எஸ்டி நூறு வெள்ளிக்கு மேல் போகும், ஒருமுறைச் செலவு. இணையத்தில் இருபது வெள்ளிக்கு இரண்டு டெரா என்று வருவது போலி. உள்ளே சிறிய நினைவகத்தை வைத்து, பெரிய எண்ணைக் காட்டும்படி செய்திருப்பார்கள். நிரம்பியதும் பழைய படங்கள் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

மறைச் செலவு: கணினியிலிருந்து 'மூவ்' செய்தால் இருந்த ஒரே பிரதி அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது. அது கீழே விழுந்தால், தொலைந்தால், கல்யாண வீடியோவும் போச்சு. உண்மையில் இரண்டு வாங்க வேண்டும் என்பதே கணக்கு. இரண்டுக்குக் கையில் காசில்லை என்றால் முக்கியமானதை மட்டும் கிளவுடிலும் வையுங்கள்.

உள் டிஸ்க்கை மாற்றுவது 256 ஜிபியோடு வந்த, மற்றபடி நன்றாக ஓடும் விண்டோஸ் மடிக்கணினிக்கு மிகச் சிறந்த முதலீடு. வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். டிஸ்க் பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டதா? ஆப்பிள் சில்லு வைத்த மேக்புக்கில் மாற்றவே முடியாது, மெல்லிய விண்டோஸ் மாடல்கள் சிலவற்றிலும் அப்படித்தான். எம்.2 என்ற சின்ன அட்டை வகை என்றால் எந்த நீளம்? 2280 வேறு, 2230 வேறு. டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா? இப்போது பல கணினிகளில் கேட்காமலேயே போட்டிருக்கிறார்கள். மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், மூடியைக் கழற்றுமுன் அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் மாட்டிக்கொண்டால் கடைக்காரராலும் உதவ முடியாது.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழசு என்றால், அதற்குள் புது எஸ்எஸ்டி போடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். வெளி டிஸ்க் வாங்கினாலாவது அடுத்த கணினிக்கும் உதவும்.

காரணம் பார்க்காமல் பெரிய டிஸ்க் வாங்குவது, வீட்டில் சாமான் அடைக்கும் பாம் ஷெல்டர் அறை நிரம்பிவிட்டது என்று இன்னொரு அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு மாறுவதைப் போலத்தான். அட்டைப்பெட்டிகள் கூடவே வரும்.

## வழி 5: ரீசெட் அடிப்பது, அல்லது கடையில் கொடுப்பது

விண்டோஸிலேயே 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்றால் படங்களும் ஆவணங்களும் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். வருடக்கணக்கில் சேர்ந்த அழுக்குக்கும், தீநிரல் சந்தேகத்துக்கும் இது உருப்படியான வழி. ஆனால் அழித்துவிட்டால் காரணம் என்னவென்று கடைசிவரை தெரியாது. டெலிகிராமை மறுபடி போட்டு, அதே குழுக்களில் அதே தானியங்கிப் பதிவிறக்கத்தோடு விட்டால் மூன்று மாதத்தில் பழைய இடத்துக்கே வருவீர்கள். பிரிண்டர், ஆஃபிஸ் உரிமம், தமிழ்த் தட்டச்சு, பிள்ளையின் பாடச் செயலிகள் என்று திரும்பப் போட்டு முடிக்க ஒரு சனிக்கிழமை முழுதும் போகும். அதைச் செலவுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

கடைக்குப் போவதென்றால் சிம் லிம் ஸ்குவேரோ உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையோ, கேட்க வேண்டியது ஒன்றே: "இடம் எங்க போச்சுன்னு பாத்துச் சொல்வீங்களா, இல்ல நேரா ஃபார்மட்டா?" பாத்துச் சொல்கிறேன் என்பவரிடம் கொடுக்கலாம். கட்டணத்தையும், எதைத் தொடமாட்டார் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், அடையாள அட்டை ஸ்கேன், வங்கி அறிக்கை எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. கொடுக்குமுன் அவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, பிரௌசர் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள். கணினி வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைக்காரர் மீது சந்தேகம் என்று இல்லை. கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம்தானே.

## ஒரே பார்வையில்

| வழி | காரணம் தெரியுமா | எவ்வளவு காலம் தாங்கும் | காசு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| விண்டோஸ் துடைப்பு | அரைகுறையாக | சில வாரம் | இல்லை | டவுன்லோட்ஸ் வரியில் டிக் |
| வரைபடக் கருவி | ஆம் | காரணத்தை நிறுத்தினால் நீண்ட காலம் | பெரும்பாலும் இல்லை | விண்டோஸ் ஃபோல்டரில் கை வைக்கக்கூடாது |
| கிளவுட் | இல்லை | சந்தா கட்டும் வரை | மாதாமாதம் | அழித்தால் இரண்டு பக்கமும் அழியும் |
| புதிய டிஸ்க் | இல்லை | சில வருடம், காரணம் தெரிந்திருந்தால் | ஒருமுறை | ஒரே பிரதி. பிட்லாக்கர் சாவி |
| ரீசெட், கடை | பெரும்பாலும் இல்லை | பழக்கம் மாறாவிட்டால் சில மாதம் | கடைக்கு உண்டு | தனிப்பட்ட ஆவணங்கள், ஒரு நாள் உழைப்பு |

## உங்கள் வீட்டுக்கு எது

எண் ஏறி இறங்கும் வகை, இறங்கும்போதும் 20 ஜிபிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்றால் எதையும் செய்யாதீர்கள். ஸ்டோரேஜ் சென்ஸை மட்டும் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். இந்த ஆறாவது வழியை யாரும் ஒப்பிடச் சொல்லிக் கேட்பதில்லை, ஆனால் வரும் கேள்விகளில் நிறைய இதில் அடங்கிவிடும்.

இறங்கிக்கொண்டே போகிறது, ஏனென்று தெரியவில்லை என்றால் வழி 2-ஐத் தாண்டி வேறெதற்கும் காசு கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். தெரிந்த காரணத்தை நிறுத்துவது பெரும்பாலும் ஒரு செட்டிங்தான்: டெலிகிராமில் உள்ள லோக்கல் ஸ்டோரேஜ் வரம்பு, வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிவிறக்கம், பேக்கப் பட்டியல்.

தேடிப் பார்த்தும் எல்லாமே வேண்டியவைதான் என்று தெரிந்தால், அதாவது பிள்ளைகளின் படங்களும் குடும்ப வீடியோக்களும்தான் என்றால், டிஸ்க் வாங்குங்கள். 256 ஜிபிக்கு உள்ளே மாற்றுவது, 512-க்கும் மேக்குக்கும் வெளியே செருகுவது. வீட்டில் இருவருமே மூத்தவர்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் என்றாலே கை நடுங்கும் என்றால், துடைப்போடு ஒரு வெளி டிஸ்க். தீபாவளிக்கு வரும் மருமகன் பாக்கியைப் பார்த்துக்கொள்வார்.

ரீசெட் கடைசி. கருவியிலும் பிடிபடவில்லை, ஸ்கேனில் ஏதோ சிக்கியது, அல்லது கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும்.

இதில் எதுவுமே பொருந்தாத கணினிகள் இரண்டு உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்தில் நிர்வாகச் செயலி ஒன்று இருக்கும். அதில் கருவி எதையும் நிறுவப் பார்க்காதீர்கள், ரீசெட்டும் அடிக்காதீர்கள். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியும் அப்படித்தான். ஸ்டோரேஜ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த நாளில் எவ்வளவு இருந்தது என்று நீங்கள் குறித்து வைத்ததையும் சேர்த்து, பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கோ அலுவலகத்தின் ஐடி ஆளுக்கோ அனுப்புங்கள். வெறுமனே "இடம் இல்ல" என்று அனுப்பினால் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.